பண்ணைப் பாலத்துக்கு அப்பால்

காலை ஏழு மணிக்கே வேன் வந்துவிட்டது. தீவுகளைச் சுற்றிக் காட்ட ஒரு நாளைக்கு என்று பேசி முற்பணமும் கட்டியிருந்தோம். பிறந்த ஊரைப் பார்க்கக் காசு கொடுத்து ஆள் பிடிக்கிறீர்களே என்று மனைவி சிரித்தாள். அவள் புத்தளத்துப் பெண், அவளால் சிரிக்க முடிந்தது.

வேனை ஓட்டுவதும் இடங்களைச் சொல்வதும் ஒரே பொடியன்தான். இருபத்தைந்து வயதிருக்கும். "ஐயா எவ்விடம்?" என்றான். "புத்தளம்" என்றேன். பொய்யில்லை. 1990 ஒக்டோபர் 30க்குப் பிறகு என் அடையாள அட்டை அப்படித்தான் சொல்கிறது.

மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவு என்று ஓடிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்தோம். மூன்று தீவு என்று பேசியது அங்கே இரண்டாகச் சுருங்கியது. நெடுந்தீவுக்குக் கடலில் போகவே ஒரு மணித்தியாலம், திரும்பும் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான் என்றான். அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கு மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்திருந்தேன். முற்பணம் வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாம்.

நயினாதீவில் நாகவிகாரையையும் நாகபூசணி அம்மன் கோயிலையும் காட்டினான். கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு, சிங்கள மன்னனின் கட்டளை, ஆனால் தமிழில். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு. யானை, குதிரை கொண்டுவந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசனுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. பொடியன் இதை ஒப்புவித்துவிட்டு நகர்ந்தான். எனக்குக் கால் நகரவில்லை. கரையொதுங்கிய அந்நியனுக்கே அவனுடைய பங்கு இவ்வளவு என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்களுக்குப் புலிகள் தந்தது இரண்டு மணித்தியாலம். வாப்பாவின் கடையில் பெருநாளைக்கென்று எடுத்து வைத்த புடைவைக் கட்டுகள் பிரிக்காமலே கிடந்தன. பங்கு பற்றி யாரும் பேசவில்லை.

பின்னேரம் ஊர்காவற்றுறை. கடலுக்குள்ளே ஹம்மன்ஹீல் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது; பிறகு சிறை, இன்று கடற்படையின் விடுதி. காரைநகரிலிருந்து பாதையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வாப்பா இந்தத் துறைக்குத்தான் வருவார். பின்கரியரில் புடைவை மூட்டை, அதற்கு மேலே நான்.

"முந்தி இஞ்சால சோனக ஆக்களும் யாவாரத்துக்கு வாறவையாம்" என்றான் பொடியன். "பிறகு அவையள் புத்தளப் பக்கம் போட்டினமாம்."

போட்டினமாம். அவன் மீது கோபம் வரவில்லை. அவன் அப்போது பிறந்திருக்கவே மாட்டான். அந்தச் சொல்லை அவனுக்குக் கொடுத்தவர்கள் பிறந்திருந்தார்கள். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் கோட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது, எந்த ஹோட்டலில் விட என்று கேட்டான்.

"சோனகத் தெருவில விடுங்கோ தம்பி."

"அங்க பாக்க ஒண்டும் இல்லையே ஐயா."

"எங்கட வளவு இருக்கு. வாப்பாவை அனுப்பின மாதிரித்தான் என்னையும் அனுப்பினது. நாங்களாப் போகேல்ல."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தான். பண்ணைப் பாலம் முடியும்வரை வாய் திறக்கவில்லை. நகரத்துக்குள் வந்ததும் வேகத்தைக் குறைத்து, "எந்த ஒழுங்கையால திருப்ப?" என்று கேட்டான்.