எளாவூரில் கண்ட மஞ்சள் கயிறு

சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டை போகும் ரயிலில் ஏறினால், கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன் எளாவூர். அங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் உப்பு நீர் ஏரிகளில், ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டில் பெரியது இதுதான்.

கரையோரக் குப்பம் ஒன்றில் இறால் கூடையை இறக்கி வைத்தாள் ஒரு பெண். கழுத்தில் மஞ்சள் கயிறு. அதில் ஒரு பொட்டு, இருபுறமும் பவழ மணி. அவ்வளவுதான்.

"மத்த உருவெல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் சிரித்தாள். "குண்டு, காசெல்லாம் அடகுலே இருக்குக்கா. முகத்துவாரம் தூர்ந்து போச்சு. கடல் தண்ணி உள்ளே வரலே, இறாலும் வரலே. வலை வாங்கணுமே! பொட்டு அவரு கட்டினது. பவழம் கடல் குடுத்தது. அது ரெண்டை மட்டும் கழட்ட மனசு வரலே."

இறால் கடலில் பிறந்து ஏரியில் வளர்வது. வாய் அடைத்தால் வயிறும் அடைபடும்.

திரும்பும் வழியெல்லாம் அதே நினைவு. நம் நகைகளில் அர்த்தமில்லாத உரு ஏது? லட்சுமி காசு செல்வத்துக்கு. மாங்காய் வளத்துக்கும் மக்கட்பேற்றுக்கும். மணப்பெண் தலையில் வைக்கும் சூரியனும் சந்திரனும், அவை உள்ளவரை வாழ்க என்ற வாழ்த்து. சங்க காலத்திலேயே குழந்தைக்கு ஐம்படைத் தாலி கட்டினார்கள்; திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், கதை ஐந்தும் காவலுக்கு. (கைக்குழந்தையைக் கழுத்தில் சங்கிலியோடு தூங்க வைக்காதீர்கள், இறுக்கிவிடும். ஆசீர்வாதம் போதும்!)

அமெரிக்காவில், அரிசோனாவின் வறண்ட மேட்டில் சோளம் பயிரிடும் ஹோப்பி மக்கள், வெள்ளி நகையில் மழை மேகத்தையும் நீரலையையும் பொறிக்கிறார்கள். எது இல்லாமல் வாழ முடியாதோ, அதை உடம்பில் அணிகிறார்கள். எளாவூர்ப் பெண்ணின் பவழமும் அப்படித்தானே?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பாட்டியின் மாங்காய் மாலையை அழித்துப் புது மாடலில் நெக்லஸ் செய்ய, அந்த வாரம்தான் கடையில் எடை போட்டுப் பார்த்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கடனுக்கு நடுவிலும், எதை விடக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

நீங்களும் அழிக்கக் கொடுக்குமுன், அந்த உருவுக்கு என்ன அர்த்தம் என்று மாமியாரிடமோ அம்மாவிடமோ ஒரு தடவை கேளுங்கள். உங்கள் பெண்ணுக்கும் சொல்லி வையுங்கள்.