‘டூ’வா, ‘டு’வா?

விமானி பயிற்சியில் இருக்கும் என் மகள் பத்து நாள் லீவில் வந்திருந்தாள். அவளைக் கடைக்கு அனுப்புவதே பெரும்பாடு. “அரை லிட்டர் பால், ஒரு கட்டு கொத்தமல்லி, நாலு எலுமிச்சை” என்றால் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, நான் “ஆமாம்” என்கிறவரை வாசலிலேயே நிற்பாள். ஒன்பதை ‘நைனர்’ என்பாள். ரேடியோ இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்றுபோலக் கேட்குமாம்!

“ஏண்டி கிளிப்பிள்ளை மாதிரி சொன்னதையே சொல்றே?” என்று ஒருநாள் சிடுசிடுத்தேன்.

“அதுக்குப் பேரு ரீட்பேக்மா. அதுல கோட்டை விட்டா உயிர் போயிடும்” என்றவள், கறிவேப்பிலை உருவிக்கொண்டே ஒரு கதை சொன்னாள்.

கதையா அது? நடந்த விஷயம். 1996-ல் டெல்லி பக்கம் சார்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் இறந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம், சவுதி விமானம் வந்துகொண்டிருந்த 14,000 அடிக்கு இறங்கிவிட்டது. மகள் சொன்னது அதற்கும் ஏழு வருடம் முந்தையது.

1989 பிப்ரவரி 19, காலை நேரம். ஃப்ளையிங் டைகர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வருகிறது. உள்ளே நாலே பேர். தரைக் கட்டுப்பாட்டிலிருந்து உத்தரவு வந்தது: “டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ.” 2,400 அடிக்கு இறங்கு என்று அர்த்தம். விமானி எடுத்துக்கொண்டதோ “டு ஃபோர் ஜீரோ ஜீரோ”, அதாவது 400 அடிக்கு இறங்கு! இரண்டு என்ற எண், வெறும் ‘க்கு’ ஆகிவிட்டது.

“ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ” என்று அவர் திருப்பியும் சொன்னார். ரீட்பேக் நடக்காமல் இல்லை, தப்பாக நடந்தது. கீழே கேட்டவர் திருத்தவில்லை. காக்பிட்டில் இருந்த மற்றவர்களும் அந்த எண்ணைத் தடுக்கவில்லை. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி அலறியும் பலனில்லை. 400 அடிக்குச் சற்று மேலே, ஒரு குன்றின் சரிவில் விமானம் மோதியது. நாலு பேரும் போய்விட்டார்கள்.

“‘டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்’னு சொல்லியிருந்தா குழப்பமே வந்திருக்காதும்மா” என்றாள். நான் “ப்ச்” என்றுவிட்டு ரசத்துக்குத் தாளிக்கப் போய்விட்டேன்.

அவள் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது என் மாமியாருக்குச் சர்க்கரை 380-க்கு ஏறிவிட்டது. ராத்திரி மருத்துவமனையிலிருந்து போன். இன்சுலின் அளவைச் சொன்னார்கள். “சரி சிஸ்டர்” என்று வைத்துவிட்டு, இன்சுலின் பேனாவைத் திருக ஆரம்பித்தேன். 20, 30, 40...

“எவ்வளவும்மா சொன்னாங்க?”

“ஃபிஃப்டி.”

“திருப்பிச் சொன்னியா?”

‘சரி’ என்றுதானே சொன்னேன்! அவள் பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, உடனே போன் போட்டாள். “ஒன் ஃபைவா, ஃபைவ் ஜீரோவா?”

ஒன் ஃபைவ். ஃபிஃப்டீன்.

அந்த சிஸ்டர் மேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட, 380-ஐப் பார்த்து மிரண்டுபோயிருந்த நான் பெரிய எண் ஒன்றைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விமானிக்கும் அப்படி என்ன மனசில் ஓடியதோ!

பேனாவைத் திரும்ப வாங்கிப் பின்னோக்கித் திருகும்போது கை நடுங்கியது.

“தோசை ஆறிப்போகுது. ஊசி போடறியா, இல்லையா?” என்றார் அத்தை உள்ளேயிருந்து.

“வந்துட்டேன் அத்தை. பதினஞ்சு யூனிட்.”

“பதினஞ்சா?”

“ஆமாம் அத்தை, பதினஞ்சு.”