ஒரே செடி, இரு பெயர்

காசியில் குடியேறிய புதிதில் நம்மை வியக்கவைத்தது, அரசாங்க உரிமம் பெற்ற பாங் கடை. நம் ஊரில் கஞ்சா என்ற சொல்லையே பெரியோர் தணிந்த குரலில்தான் உச்சரிப்பர். இங்கோ, அதே செடியின் இலையை அரைத்துத் தண்டாயில் கலந்து, ஹோலியன்று குடும்பத்து மூத்தோரே அருந்துகின்றனர்.

சட்டமும் இப்பாகுபாட்டை ஏற்றிருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், பூந்தலையாகிய கஞ்சாவையும் பிசினாகிய சரஸையும் தடுத்தது. பூந்தலை சேராத இலையை விட்டுவிட்டது. ஆகவே பாங் அருந்துவோர் பக்தர், கஞ்சா புகைப்போர் கயவர் என்று தீர்ப்பளிப்பது எளிதாகிவிட்டது!

கஞ்சாவையும் அனுமதிக்கலாமே என்பார் சிலர். பாங்கையும் தடுக்க வேண்டும் என்பார் வேறு சிலர். எவ்வாறாயினும், பெயரைக் கொண்டன்றிப் பொருளைக் கொண்டு எடைபோடுவதே முறை. இலைக்கும் மயக்கும் ஆற்றல் உண்டு. அருந்திய மயக்கம் தாமதித்தே ஏறும். அதனால் அளவறியாது மீண்டும் அருந்தி அல்லலுறுவோர் உளர்.

நம் பிள்ளைகள் இந்நகரத்திலேயே வளர்கின்றனர். நாளை அவர்கள் கையிலும் அக்கோப்பை நீட்டப்படும். அண்டை வீட்டாரை இகழாமல் அதனை மறுக்க அவர்களுக்குக் கற்பிப்போமாக. பண்டிகையில் பங்குகொள்ள இனிப்பு ஒன்றே போதுமன்றோ?