ரசீதில் மிஞ்சிய ஸ்டேஷன்

மாகறலில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு. பெரிய தாத்தா பட்டுப்புடவை மூட்டையோடு இலங்கைக்குப் போய்வந்தவர் என்பார்கள். பெட்டியில் புடவை எதுவும் மிஞ்சவில்லை. பழுப்பேறிய லக்கேஜ் ரசீது ஒன்றுதான் கிடந்தது. அதிலும் ஒரு பாதியைக் கரையான் தின்றிருந்தது. பெயர் போய்விட்டது, எடை போய்விட்டது. போய்ச் சேரவேண்டிய ஊர் மட்டும் தெளிவாக இருந்தது: தனுஷ்கோடி.

அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. நாலைந்து தடவை போய்விட்டேன்.

வருஷக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறி, ஒரு ராத்திரி முழுக்கக் கடலில் ஆடிக்கொண்டு போனார்கள். பாலம் வந்தபிறகு எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே கப்பலேறி முப்பது கிலோமீட்டருக்குமேல் கடந்தால் தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயில். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். இர்வின், கோஷென் என்று பெயர் வைத்த நீராவிக் கப்பல்கள் போய்வந்தன. சுங்கச்சாவடி, தபால் ஆபீஸ், மாதா கோயில் என்று மணல்திட்டின்மேல் ஒரு ஊரே எழுந்தது. ஐம்பது வருஷம். பிறகு 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்.

அந்த ராத்திரியைப் பற்றி எனக்கும் ஒரு வரலாற்றுப் பேராசிரியருக்கும் தீராத வழக்கு. போட் மெயிலையே கடல் கொண்டுபோனது என்று அவர் எழுதியும் விட்டார். கிடையாது. அலையில் போனது பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர், ஆறு பெட்டி வண்டி. ஸ்டேஷனை நெருங்கும்போது சிக்னல் விழவில்லை. டிரைவர் ஊதிப் பார்த்துவிட்டு மெதுவாக நகர்த்தியிருக்கிறார். அதற்குமேல் சொல்ல அந்த வண்டியில் இருந்தவர் யாரும் மிஞ்சவில்லை. பயணிகள் 110, ஊழியர்கள் 5 என்பது வழக்கமாகச் சொல்கிற கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களை யார் எண்ணினார்கள் என்று பேராசிரியர் கேட்பார். அந்த இடத்தில் மட்டும் நான் வாயை மூடிக்கொள்வேன்.

அடிபட்ட பாம்பன் பாலத்தை எஞ்சினியர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் மணலுக்கே விட்டுவிட்டார்கள்.

இப்போது மிஞ்சியிருப்பதில் எனக்குப் பிடித்த மூலை ஸ்டேஷனின் தண்ணீர்த்தொட்டி நின்ற இடம். எல்லோரும் மாதா கோயில் சுவருக்குப் போய்ப் படமெடுப்பார்கள். அந்தப் பவளப்பாறைக் கல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தொட்டியைத் தாங்கிய செங்கல் தூண்களிடம் கொஞ்சம் நின்று பாருங்கள். உப்புக்காற்று செங்கலைத்தான் முதலில் தின்கிறது. இடையில் பூசிய சாந்து அப்படியே நிற்க, செங்கல் உள்வாங்கிக் குழிந்து, தூண் முழுக்கத் தேன்கூடு மாதிரி ஆகியிருக்கிறது. விரலை வைத்தால் செம்பொடி உதிர்கிறது. அந்தப் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது.

நீராவி எஞ்சின் நல்ல தண்ணீர் குடிக்கிற மிருகம். இரண்டு பக்கமும் கடல் இருக்கிற இடத்தில் தண்ணீருக்கு எங்கே போவது? அதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. மீனவர் குடிசைகளுக்குப் பின்னால் ஒரு அம்மா மணலைக் கையால் தோண்டினார். முழங்கை ஆழம்தான். கொஞ்ச நேரத்தில் ஊற்று கசிந்தது. கொட்டாங்கச்சியால் மொண்டு கொடுத்தார். இளநீர் மாதிரி இருந்தது. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத்தண்ணீரின் மேலே மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் கெட்டுவிடும். “அளவாத்தான் எடுக்கணும் தம்பி” என்றார்.

இந்த ஸ்டேஷன் மேடையைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் வியாபாரிகள் இல்லை. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலி ஜனங்களை மண்டபம் என்ற ஊரில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் சில நாள் நிறுத்தி, நோய் பார்த்து, ஊசி போட்டுத்தான் இங்கே அனுப்பினார்கள். முதல் சில வருஷங்களில் தோட்டத்தின் எண்ணைக் குத்திய தகரத்துண்டு ஒன்றும் அவர்களிடம் இருந்தது. எங்கள் காஞ்சிபுரத்துப் பக்கம் கோயிலில் ஒரு விளக்கு எரிய ஆடு கொடுத்தவன் பெயரைக்கூடக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை பேரை வழியனுப்பிய இடத்தில் ஒரு பெயர் இல்லை.

பெயரே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்டேஷன் சுவரில் இதயப்படம் போட்டுக் காதலர்கள் பெயர் கீறியிருக்கிறார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ரோடு வந்ததும் கூட்டம் கூடியது. கூட்டத்தோடு பிளாஸ்டிக்கும் வந்தது. தூணில் கயிறு கட்டி சிப்பி மாலை விற்கிறார்கள். விற்கிறவர்களைக் குறைசொல்ல மாட்டேன், பிழைப்பு. சுற்றி ஒரு வேலி போட்டு, எது ஸ்டேஷன் எது சுங்கச்சாவடி என்று எழுதிவைக்க எவ்வளவு செலவாகிவிடும்? வேன் டிரைவர்கள் எல்லாச் சுவரையும் காட்டி ‘பேய் நகரம்’ என்கிறார்கள். ஊர் செத்த ஒரு ராத்திரிக்குக் கேட்க ஆள் இருக்கிறது, வாழ்ந்த ஐம்பது வருஷத்துக்கு இல்லை. இதுதான் என் எரிச்சல்.

எதிர்க்கரையில் தலைமன்னாருக்கு 2015-இல் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. இந்தப் பக்கம் ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் பாதை போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். தண்டவாளம் வரவில்லை. வந்தாலும் பழைய தூண்களை இடித்துவிட்டுத்தான் வருமோ என்று எனக்கு ஒரு பயம்.

தூண்கள் இன்னும் எத்தனை புயல் தாங்குமோ. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். தனுஷ்கோடி என்று அச்சடித்த டிக்கெட்டோ ரசீதோ, முத்திரை விழுந்த கடிதமோ கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அந்த ஸ்டேஷனுக்கு இருக்கிற கல்வெட்டு அதுதான்.