இரைச்சல் என்று கழிக்கப்பட்ட பறை

பறை கேட்டால் காதைப் பொத்துகிற ஊரை எங்களுக்குத் தெரியும். காதைப் பொத்துகிற எந்திரத்தை 2020 கொரோனா அடைப்பில்தான் பார்த்தோம்.

எங்க குழுவில் ஆறு பேர். மூணு பேர் குன்னூர்ப் பக்கத்து லைன் வீடுகளில். ஒருத்தன் கோவையில். ரெண்டு பேர் இலங்கை அட்டனில், எங்க தாத்தாவுடைய தம்பி பேரப்பிள்ளைகள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்க சனத்தைக் கேட்காமலே பங்கு போட்டது. தாத்தா இங்கே வந்தார், தம்பி அங்கேயே நின்றுவிட்டார். வந்தவர்களுக்கு வேலை தரத்தான் 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. 1976இல் அது டான்டீ கழகம் ஆனது. மலையகத் தோட்டங்களில் விடியுமுன்னே ஆளை எழுப்ப அடித்த பெரட்டுத் தப்பின் அடி, தாத்தாவோடு கப்பலேறி எங்க கைக்கும் வந்தது.

அந்த அடியைச் சேர்ந்து வாசிக்கலாம் என்று காணொளி அழைப்பில் கூடினோம். பனி ஈரத்தில் தோல் தொய்ந்து கிடந்த தப்பைத் தீயில் காய்ச்சி அடித்தால், அட்டன் தம்பி சொல்கிறான்: "அண்ணே, நீங்க பேசுறது கேக்குது, தப்பு கேக்கல."

அந்த மாதிரிச் செயலிகளில் இரைச்சலை நீக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. பேச்சுக்குரலை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். நாய் குரைப்பும் மிக்சிச் சத்தமும் போன வழியிலேயே எங்க பறையும் போனது. எந்திரத்துக்குச் சாதி தெரியாதுதான். ஆனா எது குரல், எது இரைச்சல் என்று யாரோ ஒருத்தன் உட்கார்ந்து முடிவு பண்ணித்தானே வைத்திருக்கிறான்? அதைத் தேடிப்பிடித்து அணைத்தோம்.

அடுத்தது தாமதம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பத்து மீட்டர் தள்ளி நிற்பவன் அடி 30 மில்லிநொடியில் காதுக்கு வரும். அதுவரை கை தாங்கும். அதுக்கு மேலே போனால் ஒருத்தனுக்கு ஒருத்தன் காத்துக் காத்துத் தாளம் இழுபடும். குன்னூருக்கும் அட்டனுக்கும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேலே. கண்ணாடி இழையில் ஒளி நேராகப் போனால் மூணு மில்லிநொடியில் போய்விடும். ஆனா அது எங்கெங்கோ சுற்றி, ஒவ்வொரு கருவியிலும் காத்துக் கிடந்து வருவதற்குள் நூறைத் தாண்டிவிடுகிறது. ஜாமுலஸ், ஜாக்டிரிப் என்று இதுக்காகவே செய்த இலவச மென்பொருள்கள் உண்டு. அதுக்கு நல்ல கம்பிவழி இணைப்பு வேணும். லைன் வீட்டில் ஏது கம்பி? மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னலே.

அதனால் வேறு வழி பார்த்தோம். மூத்தவர் ஒருத்தர் முதலில் அடித்துப் பதிந்தார். தொடக்கத்தில் ஒரே ஒரு கைதட்டு. அதை வாட்ஸப்பில் வாங்கி, காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே மற்றவர்கள் அவரவர் அடியைப் பதிந்தோம். கோவைத் தம்பி கணினியில் கைதட்டுக்குக் கைதட்டைப் பொருத்திச் சேர்த்தான்.

குறை இருக்கு. களத்தில் ஒருத்தன் காலைப் பார்த்து இன்னொருத்தன் வேகம் கூட்டுவான். பதிவில் அது நடக்காது, முதல் கை போன போக்குக்கே எல்லாரும் போகணும்.

ஆனாலும் தள்ளி நின்று அடிப்பது எங்களுக்குப் புதுசா? சாவு வீட்டில் தெருவோரம், கோயிலில் வாசலுக்கு வெளியே என்று நிறுத்தி வைத்த கைகள்தானே இவை. அங்கே கூப்பிட்டவன் சொன்னதை அடித்தோம். இந்தப் பதிவில் எழவும் இல்லை, பெரட்டும் இல்லை. ரெண்டு நாட்டுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்ட ஒரு குடும்பம் தனக்காக அடித்துக்கொண்டது. இதை இரைச்சல் என்று கழிக்க இனி எவன் வந்தாலும், அணைக்கிற இடம் எங்களுக்குத் தெரியும்.