ஆர்ல்பெர்க் மலையில் ஒரு வாரம்

பனிச்சறுக்கு என்றதும், செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் பொழுதுபோக்கும் காட்சியே வாசகர்களில் பலருக்கு மனக்கண்ணில் தோன்றும். எனக்கும் அப்படித்தான். சூரிச் நகரில் பணிபுரியும் என் தம்பி மகன், "ஒரு வாரம் வாருங்கள் பெரியத்தா" என்று வற்புறுத்தியிராவிட்டால், நாற்பதைக் கடந்த நான் ஆஸ்திரியாவின் சங்க்ட் ஆன்டன் என்னும் முன்பின் அறியாத ஊரில், இரு பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு நின்றிருக்க மாட்டேன்.

இரயில் 1884இல் திறக்கப்பட்ட ஆர்ல்பெர்க் சுரங்கத்துள் நுழைகிறது. அதன் நீளம் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல். இருள் விலகியதுமே நிலையம் வந்துவிடுகிறது. 1,304 மீட்டர் உயரத்தில் ஊர் வெண்மையாகக் கண்ணைப் பறிக்கிறது.

முதல் நாள் பூட்சுடன் போராடுவதிலேயே கழிந்தது. கணுக்காலை அசையவிடாத அந்தக் கனத்த காலணியை அணிந்து நடப்பதே ஒரு கலை. அந்நாட்டில் சறுக்குப் பாதைகளை நிறத்தால் பிரித்திருக்கிறார்கள்: நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். ஆனால் இவ்வூரின் நீலம் வேறிடத்துச் சிவப்புக்கு ஒப்பாகும் என்று பழகியவர்களே சொல்கிறார்கள். ஆகவே புதிதாகச் செல்வோர், நாஸரைன் பகுதியில் உள்ள கற்போர் சரிவில் தொடங்குவதே நல்லது.

அங்கே பயிற்சியாளர் முதலில் கற்பித்தது, நிற்பது எப்படி என்பதைத்தான். பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகற்றி வைத்தால் அவற்றின் உள்விளிம்பு பனியில் ஊன்றி வேகம் தணிகிறது. ஜெர்மன் மொழியில் இந்நிலைக்குக் கலப்பை என்றே பெயர். அச்சத்தால் உடல் பின்னே சாய விழைகிறது. சாய்ந்தால் பலகை நம் கட்டுப்பாட்டை விட்டு ஓடிவிடும். பள்ளத்தை நோக்கி, முழங்கால் மடித்து முன்னே சாய வேண்டும். அஞ்சும் திசையிலேயே சாய வேண்டும் என்பதை ஏற்க எனக்கு மூன்று நாள்கள் பிடித்தன. எத்தனை முறை விழுந்தேன் என்று கேட்காதீர்கள்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். பாலாடைக்கட்டி சேர்த்த மாவுணவுகள் கிடைக்கின்றன. பன்றி இறைச்சித் துண்டுகள் தூவியிருக்கின்றனவா என்று விசாரித்தே வாங்க வேண்டும். கைசர்ஷ்மார்ன் என்னும் முட்டைப் பணியாரத்தில் இடும் உலர்திராட்சையை மதுவில் ஊறவைப்பதும் உண்டு; திராட்சையின்றித் தரச் சொன்னால் தருகிறார்கள்.

நான்காம் நாள் விடாது பனி கொட்டியது. பனிச்சரிவு அபாய எண் நான்கு என்று பலகையில் கண்டோம், ஐந்தே உச்சம். அருகிலுள்ள கால்ட்யூர் என்ற ஊரில் 1999 பிப்ரவரி 23 அன்று நேர்ந்த பனிச்சரிவில் 31 பேர் மாண்டனர். மறுநாள் அடுத்த குடியிருப்பில் எழுவர் மாண்டனர். மலைக்குப் போவதை விடுத்து, ஊர் அருங்காட்சியகத்துக்குச் சென்றோம்.

எங்கள் காலில் ஏறியிருந்த பாடத்தை வகுத்தவரை அங்கேதான் அறிந்தேன். அவர் ஹான்னஸ் ஷ்னைடர். மலைக்கு அப்பாலுள்ள ஷ்டூபன் சிற்றூரில் 1890இல் பிறந்து, 1907இல் பயிற்சியாளராக இவ்வூருக்கு வந்தார். கலப்பை நிலையில் தொடங்கிப் படிப்படியாகத் திருப்பங்களைக் கற்பிக்கும் ஆர்ல்பெர்க் முறையை உருவாக்கி, 1921இல் பள்ளி நிறுவினார். வீரர்க்கே உரியதென்றிருந்த ஒன்றை எளியோரும் படிக்கும் பாடமாக்கியவர் அவர். பாடம் சொல்லிக்கொடுத்தே பிழைக்கும் எனக்கு, எளியதிலிருந்து கடினத்துக்கு ஏறும் அந்த ஒழுங்கு வியப்பளித்தது. ருடால்ஃப் கோம்பர்ஸ் என்ற பொறியாளர் 1905இல் உடல்நலம் தேடி இங்கு வந்து தங்கிவிட்டவர். இவ்வூரை உலகறியச் செய்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டதும், நாஜிகளுக்கு இணங்காத ஷ்னைடர் கைது செய்யப்பட்டார். 1939இல் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த அவர், 1955இல் அங்கேயே காலமானார். கோம்பர்ஸ் யூத வம்சாவளியினர். அவரை 1942இல் நாடு கடத்தி மின்ஸ்க் நகருக்கு அருகே கொன்றார்கள். இவரால் வாழ்ந்த ஊர், இவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பியது 1995இல்தான். ஐம்பத்து மூன்று ஆண்டுகள்! அன்றிரவு அந்த எண் என்னை உறங்கவிடவில்லை.

மறுநாள் வானம் வெளுத்தது. "முழங்காலை மடியுங்கள்" என்று பயிற்சியாளர் கூவியபோது, அது எவருடைய குரல் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நாஸரைன் சரிவை விழாமல் இறங்கி முடித்தேன். தம்பி மகன் கைதட்டினான். ஐந்து வயதிருக்கும் ஒரு சிறுமி என்னைக் கடந்து அம்பெனப் போனாள்.

ஆறாம் நாள் பேருந்தில் ஏறி, ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் கணவாயை ஒட்டியுள்ள சங்க்ட் கிறிஸ்டோஃப் சென்றோம். சுரங்கம் இல்லாத காலத்தில் வழிப்போக்கர் கடந்த பாதை அது. அப்பாதையில் மக்கள் பனியில் மடிவதைக் கண்ட ஹைன்ரிஷ் என்ற மேய்ப்பர், 1386இல் தம் கூலியில் சேர்த்த 15 குல்டன் நாணயங்களை முதலாக வைத்து அங்கே ஒரு புகலிடம் எழுப்பினார். பெற்றோர் இன்னாரென்று அறியப்படாமல் கண்டெடுக்கப்பட்ட பிள்ளை அவர். கண்டெடுத்த பிள்ளை என்பதே அவருடைய பெயரின் பிற்பகுதி. அந்தப் பழைய கட்டடம் 1957இல் எரிந்துபோயிற்று. இன்று அவ்விடத்தில் உயர்தர விடுதி நிற்கிறது. அவர் தொடங்கிய சகோதரத்துவ அமைப்போ, ஏழைக் குடும்பங்களுக்கு இன்றும் உதவி வருகிறது.

ஏழாம் நாள் பூட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரயிலேறினோம். சுரங்கத்தின் இருளில், தலைக்கு மேலே அந்தக் கணவாய் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டுக்கொண்டே வந்தேன்.