ரயில் நின்றுபோன வழி

மீமிசலில் பிறந்தவர்களுக்கு ரயில் என்றால் அறந்தாங்கிதான். எங்கள் ஊருக்குக் கடலும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் உண்டு, தண்டவாளம் கிடையாது. அறந்தாங்கி வழியாகச் சென்ற மீட்டர் கேஜ் பாதை 2012-இல் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டபோது, இனி அவ்வளவுதான் என்றே பலரும் எண்ணினோம். 2018-இல் மறுபடியும் ரயில் வந்தது. அந்தப் பேறு வாய்க்காத பாதையொன்று இதே கடற்கரையில் வடக்கே இருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரை, ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். 1926-இல் திறக்கப்பட்டு 1986-இல் நிறுத்தப்பட்டது.

சென்ற தை மாதத்தில் இரண்டு நாள் அதன் தடம் தேடி நடந்தேன். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று ஊர்ப்பெயர்களே வழிகாட்டின. வயலுக்கு நடுவே மண்ணைக் கொட்டி எழுப்பிய மேடு சில இடங்களில் அப்படியே கிடக்கிறது. ஆடு மேய்ப்பவர்களுக்கும் மிதிவண்டியில் போகும் பிள்ளைகளுக்கும் அது இன்றும் வழிதான். சில இடங்களில் கருவேல முள் மறிக்கிறது. சில இடங்களில் மேடு இருந்ததற்கான அடையாளமே இல்லை.

திருக்கடையூர் அருகே மேட்டில் அமர்ந்திருந்த ஒரு பெரியவரிடம், இதை நடப்பதற்கும் மிதிவண்டிக்குமான பாதையாக்கினால் என்ன என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. “நடைபாதை போட்டுட்டா அப்புறம் ரயில் வராது தம்பி” என்றார். நாற்பதாண்டுக் காத்திருப்பை நான் இரண்டு நாள் நடையில் கலைக்கப் பார்க்கிறேன் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அவருடைய அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 1983-இல் இயற்றிய சட்டத் திருத்தமொன்று, கைவிடப்படும் ரயில்பாதையை நடைபாதையாகப் பயன்படுத்த இடமளிக்கிறது. பின்னாளில் ரயில் வேண்டுமென்றால் பாதை ரயிலுக்கே திரும்பும். நடப்பவர்கள் அங்கே நிலத்தின் காவலர்கள்.

கால்வாய்க் கரைக்கும் இப்படியொரு கதை உண்டு. வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை செல்லும் பழைய கால்வாயின் கரையில், கோவேறு கழுதைகள் படகிழுத்த பாதை இருந்தது. அதன்மேல் நெடுஞ்சாலை போடலாம் என்று தலையங்கம் எழுதிய பத்திரிகையின் ஆசிரியர்களை, உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954-இல் தம்மோடு நடக்க அழைத்தார். ஏறத்தாழ 297 கிலோமீட்டர். வெவ்வேறு பகுதிகளில் ஐம்பத்தெட்டுப் பேர் கலந்துகொண்டாலும், ஒன்பது பேரே முழுவதும் நடந்தார்கள். பத்திரிகை தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 1971-இல் அது தேசியப் பூங்காவானது.

வழி என்பது போட்டவர்களால் மட்டும் நிலைப்பதில்லை; நடப்பவர்களால் நிலைக்கிறது. ஆளரவம் அற்ற மேட்டை முதலில் முள் எடுத்துக்கொள்ளும், பிறகு வேலி. தரங்கம்பாடிக்கு ரயில் வரட்டும். வரும்வரை அந்த மேட்டைக் கரையவிடாமல் வைத்திருக்க மனிதக் கால்களைவிட மலிவான ஏற்பாடு வேறில்லை.